பொறியாளர் காப்பீட்டு சர்வேயர் ஆவது எப்படி: நடுவயதில் தொழில் மாறுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொழிற்சாலையில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்த பொறியாளர்கள் நாற்பது வயதை நெருங்கும்போது என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கற்றதை எல்லாம் மூட்டைகட்டி வைக்காமல் வேறு தொழிலுக்குப் போக வழி இருக்கிறதா? காப்பீட்டுத் துறை என்று சொன்னால் பாலிசி விற்கும் முகவர் வேலையைத்தான் நினைத்துக்கொண்டு முகம் சுளிக்கிறார்கள். அதே துறைக்குள், இயந்திரத்தையும் கட்டடத்தையும் சரக்கையும் அறிந்தவருக்கென்றே சட்டம் ஒதுக்கி வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் காப்பீட்டு சர்வேயர் மற்றும் இழப்பு மதிப்பீட்டாளர் பணி. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அந்தப் பணிக்கு மாறுவது எப்படி என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில், இந்த வேலை என்ன?

நூற்பாலையின் பஞ்சுக் கிடங்கு தீப்பிடிக்கிறது. வெள்ளத்தில் பின்னலாடை நிறுவனத்தின் சரக்கு நனைகிறது. லாரி கவிழ்கிறது. உரிமையாளர் இழப்பீடு கேட்கிறார். எதனால் இழப்பு ஏற்பட்டது, அது பாலிசியின் வரம்புக்குள் வருகிறதா, எவ்வளவு இழப்பு, அதில் எவ்வளவு தர வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கும் நேரில் பார்த்து, ஆவணங்களைச் சோதித்து, எழுத்தில் பதில் தருபவர் சர்வேயர். கட்டணம் காப்பீட்டு நிறுவனம் தருகிறது. ஆனாலும் உரிமம் பெற்ற சுதந்திர சர்வேயர் அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்ல. இழப்புக்கு உள்ளானவரின் ஆளும் அல்ல.

1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 1968 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 64யுஎம் பிரிவுதான் இந்தத் தொழிலின் அடித்தளம். வாகனக் காப்பீட்டில் 50,000 ரூபாயையும் மற்ற பொதுக் காப்பீடுகளில் ஒரு லட்சம் ரூபாயையும் எட்டும் இழப்பு என்றால் உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கை வேண்டும். ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவை. சொத்து, சரக்கு, வாகனம், இயந்திரம், கப்பல், பயிர் ஆகியவைதான் இங்கே பேச்சு.

சர்வேயர் எழுதியதே இறுதித் தீர்ப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். சர்வேயரின் அறிக்கை முக்கியமானது, ஆனால் அசைக்க முடியாத கடைசி வார்த்தை அல்ல என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தங்களுக்குப் பிடித்த அறிக்கை கிடைக்கும்வரை காப்பீட்டு நிறுவனம் ஒருவர்பின் ஒருவராக சர்வேயர்களை நியமித்துக்கொண்டே போக முடியாது என்றும் அதே ஆண்டு இன்னொரு வழக்கில் சொன்னது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் தொழிலின் இயல்பு புரியும். உங்கள் அறிக்கைக்கு வலிமை தருவது கையெழுத்தோ முத்திரையோ அல்ல, அதில் எழுதியிருக்கும் காரணங்கள்.

படி 1: உங்கள் கை அறிந்த துறையைத் தேர்ந்தெடுங்கள்

தொழில் மாறுகிறவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். எல்லாத் துறைக்கும் உரிமம் வாங்கினால் எல்லா வேலையும் வரும் என்று நினைக்கிறார்கள். உரிமம் துறைவாரியாகத்தான் தரப்படுகிறது: தீ, கடல்வழிச் சரக்கு, கப்பல் உடல், பொறியியல், மோட்டார், இலாப இழப்பு (தொழில் நின்றதால் போன வருமானம்), பயிர், இதரவை. எந்தப் படிப்புக்கு எந்தத் துறைகள் என்பது விதிமுறையிலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த வரையறைக்குள்ளும் நீங்கள் உண்மையில் எதில் இத்தனை ஆண்டு கை நனைத்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கோவைப் பக்கம் நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவருக்குத் தீ, பொறியியல் இரண்டும் இயல்பாகப் பொருந்தும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம் எப்படி இயங்குகிறது, பஞ்சில் சிக்கிய உலோகத் துண்டு எப்படித் தீப்பொறி கிளப்புகிறது, பழைய இயந்திரத்தின் உண்மையான விலை என்ன என்பதை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வாகனத் தொழிற்சாலையிலோ பெரிய ஒர்க்ஷாப்பிலோ இருந்தவருக்கு மோட்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கையாளுதலைப் பார்த்தவருக்குக் கடல்வழிச் சரக்கு. அங்கே இறங்கும் கச்சா முந்திரியின் ஈரப்பதமும் கண்டெய்னருக்குள் வியர்த்துச் சொட்டும் நீரும் தினசரிப் பிரச்சினைகள். கப்பலில் பணியாற்றிக் கரைக்குத் திரும்பிய கடல்சார் பொறியாளருக்குக் கப்பல் உடல் துறை. அதில் போட்டி குறைவு, வேலையும் குறைவு, ஒவ்வொரு வேலையும் கனமானது. பட்டயக் கணக்கரானால் இலாப இழப்பு. தீ விபத்தால் ஆலை ஆறு மாதம் மூடிக்கிடந்தபோது எவ்வளவு வருமானம் போனது என்று கணக்கிடும் திறமை பொறியாளர்களிடம் அரிது. வேளாண் பட்டதாரிக்குப் பயிர்.

மோட்டார் துறையில் வேலை அதிகம் என்பது உண்மை. ஆட்களும் அங்கேதான் அதிகம். சீக்கிரம் வருமானம் வேண்டும் என்பதற்காக மட்டும் மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் வேதிப் பொறியாளரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வண்ண ஆலைத் தீ விபத்தில் அவர் பார்க்கக்கூடியதை வேறு யாராலும் பார்க்க முடியாது.

படி 2: தகுதியும் மாணவர் சேர்க்கையும்

பொறியியல் பட்டம், பட்டயக் கணக்கர் அல்லது செலவுக் கணக்கர் தகுதி, ஆக்சுவரி (காப்பீட்டுக் கணிப்பியல்) தகுதி, மும்பையில் 1955 முதல் இயங்கிவரும் இந்தியக் காப்பீட்டுக் கழகத்தின் அசோசியேட் அல்லது ஃபெல்லோ தகுதி, பயிர்க் காப்பீட்டுக்கு வேளாண் பட்டம் என்று பல வாசல்கள் இருக்கின்றன. உங்கள் பட்டத்தின் பெயர் சற்று வித்தியாசமாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஓராண்டுப் பயிற்சி முடிந்த பிறகு தகுதிச் சிக்கல் எழுந்தால் அந்த ஓராண்டு திரும்பி வராது.

இந்தத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பு ஹைதராபாத்தில் உள்ள ஐஆர்டிஏஐ. அதன் முன்முயற்சியில் உருவாகி, அதே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் காப்பீட்டு சர்வேயர்கள் மற்றும் இழப்பு மதிப்பீட்டாளர்கள் கழகம்தான் தொழில்முறைக் கழகம். முதலில் அதில் மாணவர் உறுப்பினராகச் சேர வேண்டும். 2015இல் வந்த சர்வேயர் விதிமுறைகளும் அவற்றுக்குப் பின்னர் வந்த திருத்தங்களும் ஐஆர்டிஏஐயின் தளத்தில் இருக்கின்றன. அவற்றை அச்செடுத்து, கோடு போட்டுப் படியுங்கள். யூடியூபில் யாரோ சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கட்டணங்களும் படிவங்களும் அவ்வப்போது மாறும். தளத்தில் அன்று இருப்பதே செல்லும்.

நீங்கள் ஏற்கெனவே காப்பீட்டு முகவராக இருந்தால், அதை விட்டுவிட்டுத்தான் இங்கே வர வேண்டும். இழப்பை மதிப்பிடுகிறவருக்குப் பாலிசி விற்பனையில் பங்கு இருக்கக் கூடாது.

படி 3: பயிற்றுநரைக் கண்டுபிடிப்பது

உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும் முன் 12 மாதப் பயிற்சி கட்டாயம். அனுபவமுள்ள, உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் அதைப் பெற வேண்டும். நடுவயதுக்காரர்கள் தயங்குவதும் சோர்வதும் இந்தப் படியில்தான். உங்களைவிட வயதில் இளையவரிடம் பயிற்சி மாணவராக நிற்க நேரலாம். நேற்றுவரை முந்நூறு பேருக்கு மேலாளர். இன்று அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்து நிற்க வேண்டும். மனத்தை அதற்குப் பழக்கிக்கொண்டு வாருங்கள்.

பயிற்றுநரைத் தேடும்போது அவர் எவ்வளவு பிரபலமானவர் என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியவை வேறு. களத்துக்குத் தன்னோடு அழைத்துப் போவாரா? அறிக்கையின் முதல் வரைவை எழுதச் சொல்லித் திருத்துவாரா? நீங்கள் எடுக்கும் துறைகளில் அவருக்கு உண்மையிலேயே வேலை வருகிறதா? கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன், நீங்கள் வர வேண்டாம் என்று சொல்பவர் உங்களுக்கு உதவவில்லை. ஓராண்டு கழித்து, எரிந்த கிடங்கின் நடுவில் தனியாக நிற்கும்போது அது தெரியும்.

நல்ல பயிற்றுநர் கிடைக்க எளிய வழி, உங்கள் பழைய தொழிற்சாலையின் காப்பீட்டு விவகாரங்களைக் கவனித்த கணக்குப் பிரிவினரைக் கேட்பதுதான். பழைய கிளைம்களுக்கு யார் வந்தார், எப்படி நடந்துகொண்டார், என்னென்ன கேள்விகள் கேட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். பணம் குறைத்தார் என்று திட்டிக்கொண்டே, ஆனால் கணக்கில் தப்புச் சொல்ல முடியவில்லை என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவரிடம் போங்கள்.

பகலில் வேறு வேலை, ஓய்வு நேரத்தில் பயிற்சி என்பது நடைமுறையில் சரிவராது. ஆய்வுகள் வேலை நேரத்தில்தான் நடக்கும். தீயும் விபத்தும் உங்கள் விடுமுறை நாள் பார்த்து வருவதில்லை.

படி 4: அந்தப் பன்னிரண்டு மாதங்களில் கற்க வேண்டியவை

வழிகாட்டியின் மற்றப் பகுதிகளைவிட இதில் அதிக நேரம் செலவிடப் போகிறேன். ஏனென்றால் சர்வேயரை உருவாக்குவது இந்தக் காலம்தான்.

முதலில் பாலிசியைப் படிக்கப் பழக வேண்டும். பொறியாளருக்கு இயந்திரம் ஏன் பழுதானது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது. சர்வேயருக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் மூழ்கின. நீர் வடிந்ததும் பலர் சாவியைத் திருகி வண்டியை இயக்கப் பார்த்தார்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீர் அழுந்தாது. பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்தது. இருக்கைகளும் மின்கம்பிகளும் நனைந்து கெட்டது வெள்ளத்தின் நேரடி விளைவு, பாலிசிக்குள் வரும். வளைந்த ராடு வெள்ளத்தால் வந்ததா, நனைந்த எஞ்சினை இயக்கியதால் வந்ததா? வழக்கமான மோட்டார் பாலிசி தொடர்விளைவு இழப்பை ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கென்று பாலிசியோடு தனி இணைப்பு (கூடுதல் பாதுகாப்பு) வாங்கியிருந்தால் நிலைமை வேறு. எஞ்சினைப் பிரித்து, ராட்டின் வளைவை அளந்து, எண்ணெயில் நீர் கலந்திருப்பதைப் படம் எடுத்து, இன்ன காரணத்தால் இன்ன பாகம் ஏற்கத்தக்கது, இன்ன பாகம் ஏற்கத்தக்கதல்ல என்று எழுத வேண்டும். உலோகத்தின் அறிவும் பாலிசியின் சொற்களும் ஒரே பத்தியில் சந்திக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே கேள்வி ஒவ்வொரு ஒர்க்ஷாப்பிலும் எழுந்தது.

தீ விபத்திலும் இப்படித்தான். மின்கசிவால் ஒரு மோட்டார் எரிந்து, அந்தத் தீ பக்கத்து இயந்திரங்களுக்குப் பரவியது என்று வைத்துக்கொள்வோம். மின்கசிவு ஏற்பட்ட அந்த மோட்டாருக்கு வழக்கமான தீ பாலிசியில் இழப்பீடு கிடையாது. தீ பரவி எரிந்த மற்றவற்றுக்கு உண்டு. அதனால் தீ எங்கே தொடங்கியது என்பதைக் கண்டுபிடிப்பது வெறும் ஆர்வம் அல்ல, அதன்மேல்தான் பணம் நிற்கிறது. குவித்துவைத்த சரக்கு தானாகவே சூடேறி எரிந்தால், தனி இணைப்பு இல்லாத பாலிசி அந்தச் சரக்குக்குப் பணம் தராது. கரி படிந்த சுவரின் நிறம், உருகிய செம்புக் கம்பியின் முனை, உத்திரம் வளைந்த விதம் ஆகியவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தீயணைப்புத் துறையினரிடம் பேசுங்கள். மறுநாள் குப்பை அள்ளும் முன்பே போய்விடுங்கள்.

அடுத்தது கணக்கு. இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கையால் போட்டுப் பாருங்கள்.

மூன்றரை ஆண்டு ஓடிய, 1200 சிசி கார். சாதாரணப் பாலிசி, தேய்மானமில்லா இணைப்பு இல்லை. ஒர்க்ஷாப் தந்த மதிப்பீடு: உலோகப் பாகங்கள் 40,000 ரூபாய், பிளாஸ்டிக் பாகங்கள் 24,000, கண்ணாடி 10,000, வண்ணம் 16,000, கூலி 18,000. மொத்தம் 1,08,000. மூன்று முதல் நான்கு ஆண்டு வயதுள்ள வண்டியின் உலோகப் பாகத்துக்கு 25 சதவீதம் தேய்மானம்: 30,000 நிற்கும். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு வயது பாராமல் 50 சதவீதம்: 12,000. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை: 10,000. வண்ணத்துக்கு மொத்தமாக ஒரே பில் வந்தால் அதில் 25 சதவீதத்தைப் பொருளின் விலை என்று கொண்டு, அதில் மட்டும் பாதியைக் கழிக்க வேண்டும்: 4,000இல் 2,000 போக, 14,000. கூலி முழுமையாக 18,000. கூட்டினால் 84,000. கட்டாயக் கழிவு, அதாவது உரிமையாளரே ஏற்க வேண்டிய தொகை, 1,000. கழற்றிய பழைய உலோகத்தின் சால்வேஜ் மதிப்பு (விற்றால் கிடைக்கும் தொகை) 1,500 என்று கொண்டால், காப்பீட்டு நிறுவனத்தின் நிகரப் பொறுப்பு 81,500 ரூபாய். வரியைக் கணக்கில் சேர்க்காமல் போட்டது இது. பழுதுபார்க்கும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், பழுதுபார்ப்பதை விட்டு முழு இழப்பாகக் கொள்ள வேண்டும். இந்த விகிதங்கள் தூக்கத்தில் கேட்டாலும் வாயில் வர வேண்டும்.

இரண்டாவது, சரக்குக் கிடங்கு. தீப்பிடித்த அன்று உள்ளே இருந்த சரக்கின் உண்மை மதிப்பு 80 லட்சம். உரிமையாளர் 60 லட்சத்துக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறார். 20 லட்சத்துக்கு சரக்கு எரிந்தது. 60 லட்சத்துக்குள்தானே இழப்பு, 20 லட்சமும் வர வேண்டுமே என்று அவர் கேட்பார். கேட்பது இயல்பு. ஆனால் எண்பதில் அறுபதுக்குத்தான் அவர் பிரீமியம் கட்டியிருக்கிறார். மீதிக்கு அவரே காப்பாளர். எனவே 15 லட்சம். 2021 ஏப்ரலில் அறிமுகமான சிறு தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, பாரத் லகு உத்யம் சுரக்ஷா பாலிசிகளில் 15 சதவீதம்வரையான குறைகாப்பீட்டைப் பொருட்படுத்துவதில்லை. இங்கே குறை 25 சதவீதம் என்பதால் அந்தச் சலுகை எட்டாது. வீடுகளுக்கான பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்தக் குறைப்பே கிடையாது. எந்த பாலிசி என்று பார்க்காமல் கணக்குப் போட்டால், ஒரு குடும்பத்தின் பணத்தை நீங்கள் எடுத்துவிடுவீர்கள்.

அந்த 80 லட்சம் எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடிப்பதில்தான் உங்கள் நேரத்தின் பெரும்பகுதி போகும். கொள்முதல் பில், விற்பனை பில், ஜிஎஸ்டி கணக்கு, வங்கிக்குக் கொடுத்த மாதாந்திரச் சரக்குப் பட்டியல், முந்தைய ஆண்டின் தணிக்கைக் கணக்கு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்க வேண்டும். பொறியாளர்கள் இதில் பலவீனமானவர்கள். பயிற்சிக் காலத்தில் கணக்கர் ஒருவரிடம் மாலை நேரங்களில் உட்கார்ந்து வர்த்தகக் கணக்கும் மொத்த இலாப விகிதமும் கற்றுக்கொள்ளுங்கள். கணக்கராக இருந்து வருபவர்கள் மறுபுறம், கிரேனையும் பாய்லரையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

சால்வேஜைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நனைந்த துணி எல்லாம் குப்பை அல்ல. திருப்பூரில் கிடங்குக்குள் வெள்ளம் புகுந்தால் முழுதும் நனைந்தவை, ஓரம் மட்டும் நனைந்தவை, ஈரம் படாதவை என்று அன்றே பிரிக்கச் செய்ய வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் பூஞ்சை பிடித்து எல்லாம் ஒரே விலைக்குப் போகும். அந்த ஊரில் பழைய துணி வாங்குகிற வியாபாரிகள் யார், என்ன விலை தருவார்கள் என்று தெரிந்திருக்கும் சர்வேயர் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் ஒருசேர நன்மை செய்கிறார்.

படி 5: தேர்வு

இந்தியக் காப்பீட்டுக் கழகம் சர்வேயர் தேர்வை நடத்துகிறது. பொதுக் காப்பீட்டின் அடிப்படையும் இழப்பு மதிப்பீடும் பற்றிய தாள் எல்லாருக்கும் பொது. அதற்குமேல் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு துறைக்கும் அதற்குரிய தாள். பாடநூல்கள் தெளிவானவை. களத்துக்குப் போய்க்கொண்டே படித்தால் தேர்வு கடினமில்லை. மிக நல்ல நம்பிக்கை, காப்பீட்டு நலன், உண்மையான காரணம், ஈடுசெய்தல் ஆகிய கோட்பாடுகளை வரையறையாக மனப்பாடம் செய்யாமல், அந்த மாதம் பார்த்த கிளைம் ஒன்றோடு பொருத்தி எழுதிப் பாருங்கள்.

படி 6: உரிமமும் முதல் வேலையும்

பயிற்சிச் சான்று, தேர்வுச் சான்று, கழக உறுப்பினர் சான்று ஆகியவற்றோடு ஐஆர்டிஏஐயின் இணையவாசல் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். காலாவதிக்கு முன்பே புதுப்பிக்க வேண்டும். கழகத்தில் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோ என்று மூன்று நிலைகள் உண்டு. புதியவர் லைசென்ஷியேட்டாகத் தொடங்குகிறார். அனுபவமும் தகுதியும் கூடக்கூட மேலே போகலாம். பெரிய இழப்புகள் மேல்நிலையினருக்கே ஒதுக்கப்படும்.

உரிமம் கையில் வந்ததும் வேலை தானாக வந்துவிடாது. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பட்டியலிலும் இடம்பெற வேண்டும். பொதுத்துறையின் நான்கு நிறுவனங்களில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. சோழமண்டலம் எம்எஸ், ராயல் சுந்தரம் ஆகிய தனியார் நிறுவனங்களும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. கோட்ட அலுவலகங்களுக்கும் நேரில் போங்கள். சுயவிவரத்தில் பட்டங்களை மேலே போடாதீர்கள். ‘நூற்பாலை இயந்திரப் பராமரிப்பில் பதினெட்டு ஆண்டு, ஆட்டோகோனர், கம்பிரசர், ஈரப்பதக் கட்டுப்பாட்டு அமைப்புகள்’ என்று முதல் வரியில் எழுதுங்கள். அப்படிப்பட்ட கிளைம் வரும் நாளில் கிளைம் மேலாளருக்கு நினைவுக்கு வருவது அந்த வரிதான்.

முதல் ஓராண்டு சிறிய வேலைகள்தான் வரும். தொலைவான ஊர், குறைந்த தொகை, பயணச் செலவே கட்டணத்தைத் தின்றுவிடும். மறுக்காதீர்கள். தேதி தவறாமல் தருகிறீர்களா என்பதைத்தான் அவற்றில் பார்ப்பார்கள். 2024இல் ஐஆர்டிஏஐ வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி கிளைம் தெரிவிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும், 15 நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். பழைய காலத்தைப் போல மாதக்கணக்கில் கோப்பை வைத்திருக்க இடமில்லை. ஆவணம் தரத் தாமதிப்பது உரிமையாளர்தான் என்றால், அதை அன்றன்றே எழுத்தில் பதிந்து நினைவூட்டல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சான்று இருக்காது.

படி 7: பணம்

பயிற்சி ஆண்டில் வருமானம் ஏறக்குறைய இல்லை. உரிமம் வந்தபின் வேலை செய்வது ஒரு மாதம், பணம் வருவது பல மாதம் கழித்து. ஆகவே இரண்டு ஆண்டுக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வேலையை விடாதீர்கள். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை இரண்டும் அந்த இரண்டு ஆண்டுகளில் குவிந்தால், தள்ளிப்போடுவதே நல்லது. மனைவி அல்லது கணவரோடு உட்கார்ந்து தாளில் எழுதிப் பேசிவிடுங்கள். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். அதற்கு முன்பே குடும்பத்துக்குத் தனி பாலிசி எடுத்துவிடுங்கள்.

கட்டணத்தில் 10 சதவீதத்தை நிறுவனம் வருமான வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கட்டணம் பெரும்பாலும் இழப்பின் அளவைப் பொறுத்த அட்டவணைப்படி அமையும். புகைப்படம், பயணம் ஆகியவற்றுக்கான செலவைத் தனியே கேட்க மறக்காதீர்கள்.

இரு பக்க அழுத்தம்

உரிமையாளர் தரப்பில் உறை நீட்டுவார்கள். நிறுவனத் தரப்பில், இந்தத் தொகை கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்று மெல்லிய குரலில் சொல்வார்கள். முதலாவதை மறுப்பது எளிது. அது தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதுதான் கடினம், ஏனென்றால் அடுத்த வேலையைத் தருகிறவர் அவர். அவர் சொல்வதில் தொழில்நுட்ப நியாயம் இருந்தால், எழுத்தில் கேட்கச் சொல்லி, எழுத்திலேயே பதில் தாருங்கள். நியாயம் இல்லையென்றால் எண்ணை மாற்றாதீர்கள். ஒரு நிறுவனத்தின் வேலை குறையலாம். ஆனால் எண்ணை மாற்றுகிறவர் என்ற பெயர் வந்துவிட்டால், நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் அறிக்கை ஒவ்வொன்றும் கிழிபடும். அதன்பின் எந்த நிறுவனமும் உங்களைப் பெரிய கிளைமுக்கு அனுப்பாது.

இழப்புக்கு உள்ளானவர் தமது வாழ்நாள் உழைப்பு எரிந்து கிடக்கும் இடத்தில் உங்களோடு நிற்கிறார் என்பதையும் மறவாதீர்கள். என்ன ஆவணம் வேண்டும், ஏன் வேண்டும், எதற்குப் பணம் வராது என்பதை முதல் நாளிலேயே, அவர் மொழியில், மரியாதையோடு சொல்லுங்கள். அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. அவர் படிப்பார் என்று எண்ணியே ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

சர்வேயர் வேலை உங்களுக்குப் பொருந்தாது என்று பயிற்சியில் தெரிந்தாலும் அந்த அறிவுக்கு வேறு இடங்கள் உண்டு. விபத்துக்கு முன்பே தொழிற்சாலையைப் பார்த்து ஆபத்துகளைச் சொல்லும் ரிஸ்க் இன்ஜினீயர், காப்பீட்டு நிறுவனத்தின் உள்ளே கிளைம் அதிகாரி, வாடிக்கையாளர் சார்பில் கிளைமை நடத்தும் தரகு நிறுவனப் பணி ஆகிய மூன்றுக்கும் மாதச் சம்பளம் உண்டு. உரிமத்தோடு வருகிற பொறியாளருக்கு அங்கே மதிப்பும் உண்டு.

தொடங்க நினைத்தால் இந்த வாரம் செய்ய வேண்டியவை மூன்று. 2015 விதிமுறையை அதன் திருத்தங்களோடு இறக்கிப் படியுங்கள். உங்கள் பட்டத்துக்கு எந்தத் துறைகள் திறந்திருக்கின்றன என்று அதில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிற்சாலையில் கடைசியாக நடந்த கிளைமின் சர்வே அறிக்கையைக் கணக்குப் பிரிவில் கேட்டு வாங்கி, அதில் நீங்கள் எதையெல்லாம் வேறுவிதமாக எழுதியிருப்பீர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பாருங்கள். எழுத நிறைய இருந்தால், பயிற்றுநரைத் தேடத் தொடங்கலாம்.